சீர்த்தட்டில் வந்த நாய்க்குட்டி

எனக்கு எழுத வராது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மன்னிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் மறந்து வேறொன்றுக்குப் போய்விடுவேன். எங்கள் அலுவலகத்தில் மலர் போடுகிறார்கள், வேலை பார்க்கிற எல்லாரும் இரண்டு பக்கமாவது எழுத வேண்டும் என்று மேடம் சொல்லிவிட்டார். சமையல்காரிக்கு எழுத என்ன இருக்கிறது என்று கேட்டேன். "இன்டெர்ன்ஷிப் வந்த பிள்ளைகளைப் பத்தி எழுதுங்க. அந்த வடை விஷயத்தை எழுதுங்க" என்றார். அதைத்தான் எழுதுகிறேன்.

யார் பேரும் போட மாட்டேன். இங்கே முதல் சட்டமே அதுதான்.

எங்கள் அலுவலகம் ராஜபாளையத்தில் ஒரு வீட்டு மாடியில் இருக்கிறது. மில்லுக்குப் போகிற சின்னப் பிள்ளைகள், படிப்பை நிறுத்திக் கல்யாணம் பேசிவிட்ட பிள்ளைகள், அடிபடுகிற பிள்ளைகள், இவர்களுக்காக வேலை செய்கிற இடம். நான் கீழே சமைத்து மேலே கொண்டுபோய் வைப்பேன். வாசலைக் கூட்டுவேன். கூட்டம் நடந்தால் அடுப்படியை விட்டு வெளியே வர மாட்டேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

ஒவ்வொரு கோடைக்கும் கல்லூரிப் பிள்ளைகள் வருவார்கள். இரண்டு மாதம் தங்கி வேலை பழகுவார்கள். சம்பளம் கிடையாது. முதல் தடவை வந்தபோது மேடத்தின் சொந்தக்காரப் பிள்ளைகள் என்று நினைத்துக் கேசரி கிண்டினேன். பிறகுதான் தெரிந்தது, வக்கீல் படிப்புக்கு இப்படி ஒரு பழக்கம் வேண்டுமாம். உலகம் பூராவும் பிள்ளைகளுக்கு என்னென்ன உரிமை என்று ஒரு பெரிய ஒப்பந்தம் இருக்கிறதாம். நம் ஊரில் அது எப்படி நடக்கிறது என்று எழுதி வெளிநாட்டுச் சபைக்கு அனுப்புவார்களாம்.

நான் சொல்லப்போகிற வருடம் இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தி சென்னைப் பிள்ளை, பேச்சு படபடவென்று இருக்கும். இன்னொருத்தி வெளிநாட்டுப் பிள்ளை. நல்ல உயரம், மாடிப்படியில் தினமும் தலையை இடித்துக்கொள்வாள். காரம் ஆகாது. ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டே "சூப்பர், ஆச்சி" என்பாள். அவளுக்குத் தெரிந்த தமிழ் அந்த நாலைந்து வார்த்தைதான்.

வந்த அன்றைக்கே இரண்டு பேரிடமும் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார் மேடம். பிள்ளைகளைப் போட்டோ எடுக்கக் கூடாது. நிறைவேற்ற முடியாததை வாக்குக் கொடுக்கக் கூடாது. ஒரு பிள்ளை சொன்னதை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது, அலுவலகத்துக்குள்ளேயே கூட. அந்தத் தாளில் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். சமையல்காரிக்கு எதற்கு என்று கேட்டதற்கு, "உங்க காதுலதான் ஆச்சி எல்லாம் விழும்" என்றார். உண்மைதான். ஆனால் என் வாயைப் பற்றி யாருக்கும் பயம் இருந்ததில்லை. நான்தான் பேசவே மாட்டேனே.

அந்த இரண்டு பேரும் ரொம்பப் பிரியமாக இருந்தார்கள். அதில்தான் என் வாய் திறந்துகொண்டது.

ஒருநாள் காலையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். சென்னைப் பிள்ளை அடுப்படிக்கு வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"ஆச்சி, பொண்ணு பெரியவளானா தாய்மாமா சீர் கொண்டு வருவாங்கல்ல, அதுல என்னென்ன இருக்கும்?"

"எல்லாந்தான். பட்டு, பூ, பழம், பலகாரம். வசதி இருந்தா பீரோ, கட்டிலு."

"வேற வித்தியாசமா ஏதாவது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "போன வருசம் ஒரு வீட்டுக்கு நாய்க்குட்டியே வந்துச்சு பாத்துக்க."

"நாய்க்குட்டியா!"

"ராஜபாளையத்துக் குட்டிதான். வெள்ள வெளேர்னு. கழுத்துல ரிப்பன் கட்டி, தாம்பாளத்துல உக்கார வச்சுத் தூக்கிட்டு வந்தாக. மேளச் சத்தத்துக்குப் பயந்து அது தட்டுலயே ஒண்ணுக்குப் போயிருச்சு. பக்கத்துத் தட்டுல இருந்த பட்டுச் சேலை அம்புட்டும் நனஞ்சுபோச்சு."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். மேலே ஓடிப்போய் வெளிநாட்டுப் பிள்ளையையும் இழுத்துக்கொண்டு வந்து இங்கிலீஷில் சொல்லிச் சிரிக்க வைத்தாள். நான் சொன்ன கதைக்கு இரண்டு பேர் சிரித்தது எனக்குப் பெருமையாக இருந்தது, பொய் சொல்லக் கூடாது. எந்த வீடு என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அடுத்த தெருதான் அது. அப்பன் இல்லாத வீடு. அம்மா பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்குப் போகிறவள். அந்தப் பிள்ளையைத் தாய்மாமனுக்கே கட்டிக்கொடுப்பதாகப் பேச்சு இருந்தது. பத்தாவது பரீட்சை முடிந்ததும் கல்யாணம் என்றார்கள். பிறகு, ஜோசியர் மூன்று வருடம் கல்யாணம் கூடாது என்று சொல்லிவிட்டாராம், பிள்ளை கோயம்புத்தூரில் சித்தி வீட்டுக்குப் போய்விட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். நானும் நம்பினேன்.

இது நடந்து மூன்று வாரம் இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகம் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பெரிய கூட்டம். ஒவ்வொரு பகுதிக் குழந்தைப் பாதுகாப்புக் குழுவிலிருந்தும் ஆட்கள், அதிகாரிகள், கிருஷ்ணன்கோவில் காலேஜிலிருந்து ஒரு பஸ் பிள்ளைகள். இந்த இரண்டு பேரும் எழுதிய அறிக்கையைத் தமிழில் நாலு தாளாக ஜெராக்ஸ் எடுத்துப் பின் அடித்து, நூற்றிருபது பிரதி போட்டிருந்தார்கள். காலையிலேயே எல்லாரும் கிளம்பிப் போய்விட்டார்கள். எனக்கு வடை சுடுகிற வேலை. பதினோரு மணிக்கு ஆட்டோ வந்து வடையை எடுத்துப்போகும் என்று ஏற்பாடு.

கிளம்பும்போது சென்னைப் பிள்ளை ஒரு பிரதியை நீட்டினாள். "ஆச்சி, இதுல ஒரு பக்கம் தலைகீழா அடிச்சிருக்கு. எண்ணெய் வடிக்க வச்சுக்குங்க."

முதல் ஈடு வடையை அரித்து அதன் மேல் போட்டேன். எனக்கு ஒரு பழக்கம், பொட்டலம் கட்டி வருகிற தாளைக்கூட எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவேன். இரண்டாம் ஈடு வேகட்டும் என்று வடைகளை ஓரமாகத் தள்ளிப் பார்த்தேன். எண்ணெய் பட்டு எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிந்தது.

ஒரு பெண்ணின் கதை. பேர் இல்லை, ஊர் இல்லை. தாய்மாமனுக்கே கட்டிக்கொடுக்கப் பேசியிருக்கிறார்கள். அவள் தன் டீச்சரிடம் போய், எனக்கு இது வேண்டாம், நான் படிக்க வேண்டும் என்று அழுதிருக்கிறாள். டீச்சர் எங்கள் அலுவலகத்துக்குச் சொல்லியிருக்கிறார். பெண்ணின் அம்மாவையும் தனியாகக் கூப்பிட்டுப் பேச, அவளும் சம்மதித்திருக்கிறாள். அண்ணன் தம்பிகளை எதிர்த்துக்கொண்டு அவளால் இருக்க முடியாது. அதனால் ஜோசியர் சொன்னதாக ஒரு காரணம் சொல்லி, பிள்ளையை ரகசியமாக ஹாஸ்டலில் சேர்த்திருக்கிறார்கள்.

நல்லாயிருக்கட்டும் மகராசி என்று நினைத்துக்கொண்டே அடுத்த வரியைப் படித்தேன்.

"இப்பெண்ணின் பூப்புனித நீராட்டு விழாவில் தாய்மாமன் கொண்டு வந்த சீர்வரிசையில் ஒரு வெள்ளை நாய்க்குட்டியும் இருந்தது."

எண்ணெயில் இருந்த வடை கருகிப்போனதுகூடத் தெரியவில்லை.

ராஜபாளையத்தில் எத்தனையோ பிள்ளைகளுக்கு மாமன் மாப்பிள்ளை உண்டு. எத்தனையோ கல்யாணத்தை ஜோசியர் நிறுத்தியிருப்பார். ஆனால் நாய்க்குட்டி தட்டில் உட்கார்ந்து வந்தது ஒரே வீட்டுக்குத்தான். அந்த ஒரு வரியைப் படித்தால் ஊரில் சின்னப்பிள்ளைகூட வீட்டைக் காட்டிவிடும். அதோடு இன்னொன்றும் ஞாபகம் வந்தது. அந்த மாமன் எங்கள் பகுதிக் குழந்தைப் பாதுகாப்புக் குழுவில் உறுப்பினர். சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஆனால் அப்படித்தான். அவர் இன்றைக்குக் கூட்டத்துக்குப் போகிறார். படித்தால், அக்கா தன்னை ஏமாற்றியது தெரியும். அக்கா மகள் ஹாஸ்டலில் இருப்பது தெரியும். இழுத்துவந்து தாலி கட்ட ஒரு நாள் போதும்.

பட்டனை அழுத்தி மேடத்தின் போனுக்கு அடித்தேன். அணைத்து வைத்திருந்தார். அந்தப் பிள்ளைகளின் நம்பர் என்னிடம் இல்லை. ஆட்டோ வர இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.

கையில் ஒன்றும் இல்லாமல் போனால் மண்டபத்துக்குள் நான் எப்படி நுழைவேன்? என்ன வேண்டும் என்று வாசலில் யாராவது கேட்டாலே திரும்பி வந்துவிடுவேன். வடை இருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். மீதி மாவை அவசர அவசரமாகத் தட்டி எடுத்தேன். பெரிய அன்னக்கூடையில் அந்தத் தாளையே அடியில் விரித்து, வடையை எல்லாம் போட்டுத் துணியால் மூடிக் கட்டினேன். அடுப்பை அணைத்துக் கதவைப் பூட்டினேன். பூட்டினேனா என்று பஸ்ஸில் ஏறிய பிறகு சந்தேகம் வந்தது, அது வேறு.

கண்டக்டர் துணியைப் பார்த்தார். "என்ன ஆச்சி, வாசம் பஸ்ஸையே தூக்குது! கல்யாண வீடா?"

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

"ஒண்ணு குடுத்தா டிரைவரை வெரட்டிப் போகச் சொல்லுவேன்."

விளையாட்டுக்குத்தான் கேட்டார். நான் உடனே இரண்டு வடையை எடுத்து நீட்டிவிட்டேன். அவரே ஒருமாதிரி ஆகிவிட்டார். "அட, சும்மா சொன்னேன் ஆச்சி" என்று சொல்லிக்கொண்டே வாங்கிக்கொண்டார். பஸ் என்னமோ எப்போதும் போலத்தான் போனது.

மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது உள்ளே ஒரே இருட்டு. கரண்ட் போயிருந்தது. மைக் இல்லை, ஃபேன் இல்லை. அதனால் கூட்டம் ஆரம்பிக்கவில்லை. ஆனால் நாற்காலிக்கு ஒன்றாக அறிக்கையைக் கொடுத்து முடித்திருந்தார்கள். நான் பின்வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். மூன்றாவது வரிசையில் அந்த மாமன் உட்கார்ந்திருந்தார். கையில் அறிக்கை. அதை மடக்கிப் பிடித்து விசுக் விசுக்கென்று விசிறிக்கொண்டிருந்தார். மண்டபம் முழுக்க அதே சத்தம்தான். ஒரு ஆள் படிக்கவில்லை.

அந்த நேரத்தில் எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சமல்ல. கரண்ட் வந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன். மின்சாரம் வரக் கூடாது என்று வேண்டியது வாழ்க்கையில் அன்றைக்கு மட்டும்தான்.

தண்ணீர் பாட்டிலை அடுக்கிக்கொண்டிருந்த வெளிநாட்டுப் பிள்ளை என்னைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். "ஆச்சி! வடை! சூப்பர்!" நான் அவள் கையைப் பிடித்தேன். பேச்சு வரவில்லை, அழுகைதான் வந்தது. அவள் பயந்துபோய்ச் சென்னைப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"என்னாச்சு ஆச்சி? ஏன் அழறீங்க?"

"நாய்க்குட்டி" என்றேன்.

"எந்த நாய்க்குட்டி?"

"நீங்க எழுதியிருக்கிய பாரு, அந்த வீடு. அது அந்த வீடுதாம்மா."

அவள் முழித்தாள். "இல்ல ஆச்சி. அந்தப் பொண்ணு எங்ககிட்ட பீரோ வந்துச்சுன்னுதான் சொன்னா. அடையாளம் தெரியக் கூடாதுன்னு பீரோவை எடுத்துட்டு, நீங்க சொன்ன வேற வீட்டு நாய்க்குட்டியைப் போட்டோம். மறைக்கத்தான் போட்டோம்."

"வேற வீடு இல்லம்மா. பீரோவும் வந்துச்சு, நாய்க்குட்டியும் வந்துச்சு. அம்மா தறிக்குப் போறவ. அப்பன் இல்ல. என் அடுத்த தெரு. மாமன் அந்தா, மூணாவது வரிசையில நீலச் சட்டை."

அவள் முகம் செத்துப்போனது. யாருடைய கதை என்று அவர்கள் என்னிடம் சொல்லவில்லை, அது சட்டம். எந்த வீட்டு நாய்க்குட்டி என்று நான் அவர்களிடம் சொல்லவில்லை, அதுவும் சட்டம்தான். சட்டப்படி நடந்து மூன்று பேருமாகச் சேர்ந்து அந்தப் பிள்ளையைக் கொண்டுபோய் நடுத்தெருவில் நிறுத்திவிட்டோம்.

மேடத்தைக் கூப்பிட்டார்கள். அவர் நாகர்கோவில்காரர், நாய்க்குட்டிக் கதை அவருக்கும் தெரியாது. கேட்டதும் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "திருப்பி வாங்கணும். ஆனா பதறக் கூடாது. பதறினா இதுல என்னன்னு எல்லாரும் பிரிச்சுப் படிப்பாங்க."

சென்னைப் பிள்ளை போய் முன்னால் நின்று சத்தம் போட்டாள். "பக்கம் மாறி அடிச்சிருக்கு! பேப்பரைக் கொஞ்சம் திருப்பிக் கொடுங்க, சரி பண்ணித் தர்றோம்!"

ஒருவரும் அசையவில்லை. ஃபேன் ஓடாத நேரத்தில் விசிறியைக் கேட்டால் யார் கொடுப்பார்கள்? ஒரு அம்மா, "கரண்டு வந்த பொறவு தாரேன் தாயி, செத்த நேரம் இரு" என்றது. ஒன்றிரண்டு பேர், எந்தப் பக்கம் மாறியிருக்கிறது என்று பிரித்துப் பார்க்கவே ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு உயிரே போய்விட்டது.

வெளிநாட்டுப் பிள்ளைக்கு என்ன தோன்றியதோ, என் கையிலிருந்த அன்னக்கூடையைப் பார்த்தாள். துணியை அவிழ்த்தாள். என் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முதல் வரிசைக்குப் போனாள். ஒரு கையில் வடையை எடுத்து நீட்டினாள். மறு கையை வெறுங்கையாக நீட்டினாள். அந்தப் பெரியவர் வடையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பேப்பரைக் கொடுத்துவிட்டு வடையை வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான். அடுத்த ஆள், அதற்கடுத்த ஆள். நான் கூடையைத் தூக்கிக்கொண்டு தலையைக் குனிந்தபடி அவள் பின்னாலேயே போனேன். அத்தனை பேர் நடுவில் நான் நடந்தது அதுதான் முதல் தடவை.

மூன்றாவது வரிசை வந்தது. நீலச் சட்டைக்காரர் பேப்பரை விடவில்லை. "சூடா இருக்கா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

வாயைத் திறந்தால் உளறிவிடுவேன். பக்கத்தில் இருந்தவர்தான் காப்பாற்றினார். "ஏலே, பேப்பர வச்சு நாக்கா வழிக்கப் போற? வடைய வாங்குலே, அந்தப் பிள்ளைக்குக் கை வலிக்குதுல்ல."

"வாங்குதேன், வாங்குதேன். ரெண்டாக் குடுக்கச் சொல்லு."

இரண்டாகவே கொடுத்தாள். பேப்பர் கைக்கு வந்தது. எனக்கு அங்கேயே உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது.

கடைசி வரிசை முடிந்ததும் பின்னறையில் மூன்று பேரும் உட்கார்ந்து எண்ணினோம். நூற்றுப் பத்தொன்பது. மறுபடி எண்ணினோம், அதே நூற்றுப் பத்தொன்பது.

"ஒண்ணு குறையுது" என்றாள் சென்னைப் பிள்ளை. வெளிநாட்டுப் பிள்ளை நாற்காலிக்கு அடியெல்லாம் தவழ்ந்து தேடினாள். மேடம் வாசலில் போய் நின்று யாராவது கொண்டுபோகிறார்களா என்று பார்த்தார். அப்போது பார்த்துக் கரண்ட் வந்து ஃபேன் எல்லாம் சுற்ற ஆரம்பித்தது.

எனக்கு அந்தக் காற்றில் ஒரு நிமிடம் ஒன்றும் ஓடவில்லை. பிறகு கூடையைப் பார்த்தேன். அடியில் உடைந்த வடை நாலு கிடந்தது. அதை ஒதுக்கி, எண்ணெயில் ஊறிய தாளை உருவி எடுத்தேன்.

"இந்தா. எண்ணெய் வடிக்கன்னு நீதானம்மா குடுத்த."

சென்னைப் பிள்ளை அதை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். சட்டையெல்லாம் எண்ணெய். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. வெளிநாட்டுப் பிள்ளை தரையிலேயே மல்லாந்து படுத்துவிட்டாள்.

அந்தக் கதை இருந்த மூன்றாம் தாளை மட்டும் உருவிவிட்டு மறுபடி பின் அடித்துக் கொடுத்தோம். கூட்டம் நன்றாக நடந்தது. நடுவில் ஒரு தாள் இல்லை என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. இங்கிலீஷ் அறிக்கை அப்போது வெளிநாட்டுக்குப் போயிருக்கவில்லை, அதிலும் நாய்க்குட்டியை எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் நான் மேடத்திடம் போய், கையெழுத்துப் போட்டும் என் வாயால்தானே வந்தது, வேலையை விட்டு நின்றுகொள்கிறேன் என்றேன். "நீங்க நின்னா வடைக்கு யாரு, படிச்சுப் பாக்க யாரு?" என்றார். அன்றிலிருந்து ஜெராக்ஸுக்குப் போகும் முன்னால் எந்தத் தமிழ் அறிக்கையும் என் அடுப்படிக்கு வருகிறது. யார் கதை என்று எனக்குச் சொல்ல மாட்டார்கள். யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவேன். என் வேலை அவ்வளவுதான். இதுவரை ஐந்து தடவை திருப்பியிருக்கிறேன்.

அந்தப் பிள்ளை பன்னிரண்டாவது முடித்து இப்போது மேலே படிக்கிறது. வயது பதினெட்டு தாண்டிவிட்டது. அந்த மாமனுக்கும் வேறு இடத்தில் கல்யாணம் ஆகிக் கைக்குழந்தை இருக்கிறது. அக்காவோடு நல்லபடியாகத்தான் இருக்கிறார்.

இதை எழுதியதும் அந்தப் பிள்ளை சம்மதம் இல்லாமல் கொடுக்கக் கூடாது என்று, லீவுக்கு வந்தவளை அடுப்படிக்குக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். முடிந்ததும், "ஆச்சி, எங்க வீட்டுக்கு வந்தது நாய்க்குட்டி இல்லையே" என்றாள்.

"அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். படிக்கிறவுகளுக்கு எதுக்கு?"

"அம்மா தறிக்கும் போகல."

"போகல."

"வடை?"

"வடை வடைதான். அதை மாத்த எனக்கு மனசு வரல."

சிரித்துவிட்டு, போடுங்கள் என்றாள்.

ஆனாலும் எனக்குப் பயம் விடவில்லை. நான் வயசானவள், எதை மாற்றினேன், எதை மாற்ற மறந்தேன் என்று எனக்கே குழம்புகிறது. அதனால் அச்சுக்குப் போகும் முன்னால் இந்த ஊரில் பிறந்து வளர்ந்த யாராவது ஒருவர் இதை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். தெரு, மண்டபம், சட்டை நிறம் எல்லாவற்றையும் பார்க்கவும். எந்த வரியிலாவது, "அட, இது இன்னார் வீடாச்சே" என்று தோன்றினால், என்னைக் கேட்க வேண்டாம், அந்த வரியை அடித்துவிடுங்கள்.